பீடமேறிய எள்ளல்: கருத்தாக்கச் சிற்பத்தில் நகைச்சுவையும் சமூக விமர்சனமும்

டென்மார்க்கின் ஹெர்னிங் நகரில், திறந்த வெளியில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள அகலம் கொண்ட ஓர் இரும்புப் பீடம் இருக்கிறது. அதன் மேல் எந்தச் சிலையும் இல்லை. பக்கவாட்டில் பொறிக்கப்பட்ட எழுத்துகளோ தலைகீழாக இருக்கின்றன. இத்தாலியக் கலைஞர் பியெரோ மன்சோனி 1961-இல் உருவாக்கிய இந்தப் படைப்பின் பெயர் 'உலகத்தின் பீடம்'. எழுத்துகளை நேராகப் படிக்க வேண்டுமென்றால் நாம் மனத்தளவிலாவது தலைகீழாக நிற்க வேண்டும். அப்படி நின்றதும், மலைகளும் கடல்களும் நகரங்களும் நம்மையும் சேர்த்துப் பூமி முழுவதும் அந்த இரும்புப் பெட்டியின் மேல் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது விளங்கும். கலிலியோவுக்குக் காணிக்கை என்று அதிலேயே எழுதியும் வைத்திருக்கிறார் மன்சோனி. முதலில் சிரிப்பு வருகிறது. சற்றுப் பொறுத்து, ஒரு பீடத்தைக் கீழே போட்டுவிட்டாலே எதுவும் சிற்பமாகிவிடும் என்றால், சிற்பத்துக்கு நாம் இதுவரை செய்துவந்த மரியாதை கல்லுக்கா, உளிக்கா, பீடத்துக்கா என்ற கேள்வி வருகிறது.

கருத்தாக்கச் சிற்பம் என்று இன்று சொல்லப்படும் கலையில் நகைச்சுவை எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வெற்றுப் பீடத்திலிருந்து தொடங்குவதே வசதியானது. கருத்தாக்கச் சிற்பம் என்பது கைத்திறனை விட எண்ணத்தை முதன்மையாகக் கொண்டது. பொருளைச் செதுக்கியாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பொருளை எங்கே வைக்கிறோம், என்ன பெயரிடுகிறோம், என்ன விலை சொல்கிறோம், யாரைக் கொண்டு நிறைவு செய்கிறோம் என்பதெல்லாம் அங்கே செதுக்கும் வேலையாகவே கருதப்படும். சிரிக்க வைக்கும் சிற்பம் இதற்கு முன்பும் இருந்தது. பிரான்சில் ஓனோரே தோமியே 1830-களில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலைகளைச் சுடாத களிமண்ணில் பிடித்து வண்ணம் பூசியபோது, நீண்ட மூக்கும் தொங்கிய தாடையும் வீங்கிய கன்னமும் கேலியைச் சுமந்தன. அங்கே நகைச்சுவை உருவத்துக்குள் இருந்தது. கருத்தாக்கச் சிற்பத்தில் அது உருவத்தை விட்டு வெளியேறி, உருவத்தைச் சூழ்ந்திருக்கும் மரியாதைச் சடங்குகளுக்குள் குடியேறிவிட்டது. பீடம், பளிங்கு, தங்கம், வெண்கலம், பெயர்ப்பலகை, ஏலச் சுத்தியல், சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டே அந்தச் சடங்குகளைச் செய்து, செய்யும்போதே அவற்றின் காலை வாரிவிடுவதுதான் இந்தக் கலையின் வழி.

தமிழ் அணியிலக்கணம் அறிந்தவர்களுக்கு இது புதிய உத்தி அன்று. வஞ்சப்புகழ்ச்சி என்று நாம் அழைப்பது இதைத்தான். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கொட்டிலைப் பார்த்துப் பாடிய புறநானூற்று 95-ஆம் பாடலை நினைத்துக்கொள்ளலாம். உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள அகன்ற மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் அவர். புகழ்வது போல் இகழ்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி எது என்று கவனித்தால், அது காட்சிக்கு வைத்தல் என்ற செயலே. எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தப்பட்ட பொருள் பயன்படாத பொருள் என்பது அந்தக் கேலியின் அடித்தளம். இன்றைய அருங்காட்சியகத்தைக் கேலி செய்யும் எந்தச் சிற்பியும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கை வைக்கிறார்.

இந்த மரபின் தொடக்கமாக எல்லாரும் சொல்வது பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 1917-இல் நியூயார்க்கில் அனுப்பிவைத்த 'நீரூற்று'. கடையில் வாங்கிய பீங்கான் சிறுநீர்க் கலத்தில் ஆர். மட் என்று கையெழுத்திட்டு, கட்டணம் கட்டுபவர் எவருடைய படைப்பையும் மறுக்காமல் ஏற்போம் என்று அறிவித்திருந்த சுதந்திரக் கலைஞர் சங்கத்தின் கண்காட்சிக்கு அவர் அதை அனுப்பினார். சங்கம் அதைக் காட்சிக்கு வைக்க மறுத்தது. இயக்குநர் குழுவில் இருந்த துஷாம்ப் பதவி விலகினார். கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டதால் அதில் ஒரு நுட்பம் மங்கிப்போயிருக்கிறது. கேலிக்கு உள்ளானது சிறுநீர்க் கலம் அன்று. எதையும் ஏற்போம் என்று தாராளமாகப் பேசிய ஒரு விதிமுறை. விதியைச் சொன்னவர்களைக் கொண்டே விதியை மீறவைத்தது அந்தக் கலம். மூலப்பொருள் தொலைந்துபோய், ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த ஒளிப்படம் மட்டும் மிஞ்சியது. 1964-இல் துஷாம்பின் ஒப்புதலுடன் அதன் பிரதிகள் கைவினையாகச் செய்யப்பட்டன. ஆலையில் செய்த பொருளைக் கலை என்று சொன்ன கேலியின் நகலை, கலைப்பொருள் போலக் கையால் செய்ய நேர்ந்தது என்பது பின்னால் தானாகவே சேர்ந்துகொண்ட இரண்டாவது நகைச்சுவை.

விதிகளையும் மரியாதைகளையும் கேலி செய்வதற்குப் பொதுவெளியில் நிற்கும் நினைவுச் சின்னத்தை விட வாய்ப்பான இடம் வேறில்லை. செக் நாட்டுச் சிற்பி டேவிட் செர்னியின் கதை இதில் தனித்த கவனத்துக்கு உரியது. பிராக் நகரில், 1945-இல் நகரை விடுவித்த சோவியத் டாங்கிப் படையின் நினைவாக ஒரு டாங்கி பீடத்தின் மேல் நிறுத்தப்பட்டிருந்தது. 1968-இல் அதே நாட்டின் டாங்கிகள் அதே நகரத்துக்குள் நுழைந்து அங்கு நடந்துகொண்டிருந்த சீர்திருத்தங்களை நசுக்கின. அதன் பிறகு அந்த நினைவுச் சின்னம் எதை நினைவூட்டியது என்பதைப் பற்றி அரசும் மக்களும் ஒரே கருத்தில் இருந்திருக்க முடியாது. ஆட்சி மாறிய பின், 1991 ஏப்ரலில், மாணவராக இருந்த செர்னி தம் நண்பர்களுடன் சென்று டாங்கிக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசி, அதன் உச்சியில் நடுவிரலை நீட்டிய ஓர் உருவையும் வைத்துவிட்டார். டாங்கியை அவர் உடைக்கவில்லை, கவிழ்க்கவில்லை. அதன் குழல் முன்பு நோக்கிய திசையிலேயே நோக்கியது. வண்ணம் மாறியதும் போர்க்கருவி பொம்மையாகிவிட்டது, அச்சம் அந்த இடத்தை விட்டு அகன்றுவிட்டது.

அடுத்து நடந்தவையும் அந்தப் படைப்பின் பகுதி என்றே நான் கருதுகிறேன். செர்னி கைது செய்யப்பட்டார். சோவியத் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. டாங்கிக்கு மீண்டும் பச்சை வண்ணம் பூசப்பட்டது. உடனே 15 நாடாளுமன்ற உறுப்பினர்கள், தங்களைக் கைது செய்ய முடியாது என்ற சட்டப் பாதுகாப்பைப் பயன்படுத்திக்கொண்டு, தூரிகையோடு வந்து அதை மறுபடியும் இளஞ்சிவப்பாக்கினார்கள். ஒரு வாளி வண்ணம், காவல்துறை, வெளியுறவு, நாடாளுமன்றச் சிறப்புரிமை ஆகிய அனைத்தையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டது. நினைவுச் சின்னத்தின் பொருளைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை ஒரு மாநாடு கூட்டி விவாதித்திருந்தாலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியுமா என்பது ஐயமே. டாங்கி பின்னர் ஓர் இராணுவ அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே செர்னி 1999-இல் செய்த 'குதிரை' வேறு வகையானது. பிராகின் மையச் சதுக்கத்தில் புனித வென்சஸ்லாஸ் கம்பீரமாகக் குதிரையில் அமர்ந்திருக்கும் சிலை செக் தேசியப் பெருமையின் அடையாளம். செர்னியின் படைப்பில் செத்த குதிரை கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாகக் கூரையிலிருந்து தொங்க, அதன் வயிற்றின் மேல் அதே கம்பீரத்தோடு அமர்ந்திருக்கிறார் வென்சஸ்லாஸ். சவாரி செய்பவரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. தாம் ஏறியிருக்கும் வாகனம் செத்துவிட்டதை அறியாத தலைமையைக் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பைச் செக் நாடு ஏற்றபோது பிரஸ்ஸல்ஸில் அவர் நிறுவிய 'என்ட்ரோபா' பெரிய அளவிலான குறும்பு. 27 நாடுகளைச் சேர்ந்த 27 கலைஞர்கள் கூட்டாகச் செய்த படைப்பு என்று அறிவிக்கப்பட்டது. பொம்மை விமானத்தின் உதிரிகள் போல ஒவ்வொரு நாடும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தது: பிரான்சின் மேல் வேலைநிறுத்தப் பதாகை, ருமேனியா டிராகுலா கேளிக்கைப் பூங்கா, சுவீடன் அறைகலன் பெட்டி, பிரிட்டன் இருக்க வேண்டிய இடம் வெறுமை. கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளுடன் ஒரு கையேடும் இருந்தது. பிறகுதான் அந்தக் கலைஞர்கள் எவருமே இல்லை, எல்லாவற்றையும் செர்னியும் அவருடைய சிறு குழுவும் செய்தார்கள் என்பது வெளிப்பட்டது. நாடுகளைப் பற்றிய அந்தப் பகடிகள் பெரும்பாலும் விருந்துக்கூட நகைச்சுவையின் தரத்தைத் தாண்டவில்லை என்பதே என் கருத்து. உண்மையான அங்கதம் அந்தக் கையேட்டில்தான் இருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிரதிநிதி, ஒவ்வொருவருக்கும் ஒரு பொருத்தமான அறிக்கை என்று கலையைப் பங்கீடு செய்யும் அலுவலக மொழியை அது அப்படியே பேசியது, எவரும் சந்தேகிக்காத அளவுக்கு நன்றாகப் பேசியது. ஆனால் தரையில் பதித்த கழிப்பறைகளாகக் காட்டப்பட்ட பல்கேரியா எதிர்ப்புத் தெரிவித்து, அந்தப் பகுதி கறுப்புத் துணியால் மூடப்பட்டதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. மேலிருப்பவரை நோக்கி எறியப்பட்ட இளஞ்சிவப்பு வாளிக்கும், ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்த ஏழை உறுப்பினர் மீது ஒட்டப்பட்ட பழைய இழிவுக்கும் இடையே உள்ள தூரம் அங்கதத்துக்கும் ஏளனத்துக்கும் இடையே உள்ள தூரம்.

இலண்டனில் டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்காம் பீடம் இந்த வகைக் கேலிக்கு நிரந்தர முகவரி ஆகிவிட்டது. 1841-இல் கட்டப்பட்ட அந்தப் பீடத்தின் மேல் நான்காம் வில்லியம் மன்னரின் குதிரைச் சிலை வருவதாக இருந்தது. பணம் போதாததால் வரவில்லை. இப்போது தற்காலச் சிற்பங்கள் அதில் முறைவைத்து ஏறி இறங்குகின்றன. 2015-இல் ஹான்ஸ் ஹாக்கே வைத்த 'பரிசுக் குதிரை', ஏறுவதற்கு ஆளில்லாத ஒரு குதிரையின் வெண்கல எலும்புக்கூடு. அதன் முன்னங்காலில் பரிசுப்பொருளுக்குக் கட்டுவது போல ஒரு ரிப்பன் முடிச்சு. அந்த ரிப்பனில் இலண்டன் பங்குச் சந்தையின் விலைப் புள்ளிகள் உடனுக்குடன் ஓடிக்கொண்டிருந்தன. பணமில்லாமல் வராமற்போன அரசரின் குதிரை, பணத்தை மட்டும் சுமந்துகொண்டு எலும்பாக வந்து நின்றது. இடத்தின் வரலாறு தெரியாதவருக்கும் அது புரியும், தெரிந்தவருக்கு இரண்டு மடங்கு புரியும். அடுத்த ஆண்டு அதே பீடத்தில் ஏறிய டேவிட் ஷ்ரிக்லியின் ஏழு மீட்டர் உயரக் கட்டைவிரல், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் சைகையை நம்ப முடியாத அளவுக்கு நீட்டியதால் தானாகவே நம்பிக்கையை இழந்தது.

2022-இல் அங்கே வந்த சாம்சன் கம்பாலுவின் 'ஆன்டிலோப்' சிரிப்பை இன்னும் அடங்கிய குரலில் பயன்படுத்தியது. மலாவியின் ஜான் சிலெம்ப்வே என்ற பாதிரியார், ஜான் சோர்லி என்ற ஐரோப்பிய மதபோதகருடன் 1914-இல் எடுத்துக்கொண்ட ஒளிப்படம் அதன் மூலம். ஆப்பிரிக்கர்கள் வெள்ளையர் முன்னிலையில் தொப்பி அணியக்கூடாது என்றிருந்த காலத்தில் சிலெம்ப்வே அந்தப் படத்தில் தொப்பி அணிந்து நிற்கிறார். அடுத்த ஆண்டு காலனி ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்து கொல்லப்பட்டார். கம்பாலு செய்ததெல்லாம் அளவை மாற்றியதுதான்: சிலெம்ப்வே பிரம்மாண்டமாகவும் சோர்லி இயல்பான அளவிலும் நின்றார்கள். தளபதிகளும் மன்னரும் நிற்கும் சதுக்கத்தில் மிகப் பெரிய குற்றமாக ஒரு தொப்பி நின்றது. ஒரு தொப்பியை இவ்வளவு ஆபத்தானதாகக் கருதிய ஆட்சியின் சிறுமையை அங்கே எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொல்லையே பொருளாக்கிவிடும் வகை ஒன்று உண்டு. நமக்குப் பழக்கமான சிலேடைதான் அது. சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் பீங்கானில் செய்வித்த ஆயிரக்கணக்கான நண்டுகளை வெளியூர்ப் பார்வையாளர் அழகான கைவினைக் குவியலாகப் பார்த்துவிட்டுப் போகலாம். சீன மொழியில் ஆற்று நண்டைக் குறிக்கும் 'ஹெ ஷியே' என்ற சொல்லும் இணக்கம் என்ற சொல்லும் ஏறத்தாழ ஒரே ஒலிப்பு உடையவை. இணக்கமான சமூகம் என்பது அரசின் முழக்கமாக இருந்ததால், இணையத்தில் ஒரு பதிவு தணிக்கையால் நீக்கப்பட்டால் அது இணக்கமாக்கப்பட்டது என்றும், பிறகு அந்தச் சொல்லும் கண்காணிக்கப்படவே நண்டாகிவிட்டது என்றும் மக்கள் எழுதத் தொடங்கினார்கள். ஷாங்காயில் இருந்த தம் கலைக்கூடத்தை இடிக்க அதிகாரிகள் முடிவெடுத்ததும், ஆய் 2010 நவம்பரில் அங்கே நண்டு விருந்துக்கு அழைப்பு விடுத்தார். அவர் பெய்ஜிங்கில் வீட்டுக்காவலில் வைக்கப்பட, விருந்தினர்கள் மட்டும் வந்து நண்டு தின்றார்கள். 2011 ஜனவரியில் கட்டடம் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் பிடிக்கப்பட்டு 81 நாள் அடைத்துவைக்கப்பட்டார். பீங்கான் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் காட்சி அதன் பின் வெறும் விளையாட்டாகத் தோன்றாது. அடக்குமுறையின் கீழ் சிலேடை அழகுக்காகப் பேசப்படுவதில்லை. பிடிபடாமல் பேசுவதற்காகப் பேசப்படுகிறது. பீங்கானில் வார்த்தபின் அது பிடிபடவும் தயாராகிவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் பீட்டர் ஃபிஷ்லி, டேவிட் வைஸ் இருவரும் 1981-இல் தொடங்கிய சிறு களிமண் உருவங்களில் தலைப்பே சிற்பத்தின் பாதி. படுக்கையில் உறங்கும் ஒரு தம்பதியின் சிறிய உருவத்துக்கு, மேதையான தம் மகன் ஆல்பர்ட் கருவான சற்று நேரத்துக்குப் பின் திரு, திருமதி ஐன்ஸ்டைன் என்று பெயர். பெரிய வரலாற்றை, அது வரலாறாகும் முன்பே, ஒரு சாதாரண அறைக்குள் பிடித்துக் காட்டும் இந்தக் கனிவான கேலி எவரையும் புண்படுத்துவதில்லை. ஆனாலும் பெருந்தருணங்களுக்கு வெண்கலம் வார்க்கும் பழக்கத்தை இந்தச் சுடாத மண் மெல்ல அரித்துவிடுகிறது. பிரிட்டனின் சாரா லூக்கஸ் 1992-இல் ஒரு மேசையின் மேல் இரண்டு பொரித்த முட்டைகளையும் ஒரு கெபாப்பையும் வைத்துப் பெண்ணுடல் என்றார். பெண்ணின் உடலை உணவுப் பெயர்களால் குறிக்கும் தெருப்பேச்சை அவர் மறுக்கவில்லை, கண்டிக்கவுமில்லை. பேசியவன் சொன்னபடியே பரிமாறிவிட்டார். ஒவ்வொரு நாளும் முட்டையைப் புதிதாகப் பொரித்து வைக்க வேண்டியிருப்பதால், அந்தப் பேச்சை உயிரோடு வைத்திருக்க நாள்தோறும் உழைப்பு தேவைப்படுகிறது என்பதும் அங்கே தெரிகிறது.

இனி, விலைக்கு வருவோம். கருத்தாக்கச் சிற்பத்தின் நகைச்சுவை மிக அதிகமாகச் சுற்றிவந்ததும் மிக எளிதாகத் தோற்றதும் இங்கேதான். மன்சோனி 1961 மே மாதத்தில் 90 தகர டப்பாக்களை மூடி, ஒவ்வொன்றிலும் 30 கிராம் கலைஞனின் மலம் இருப்பதாக நான்கு மொழிகளில் அச்சிட்டு, அதே எடைத் தங்கத்தின் அன்றைய விலையே டப்பாவின் விலை என்று அறிவித்தார். கலைஞன் தொட்டதெல்லாம் பொன் என்று நம்பும் சந்தைக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. சந்தை அந்தப் பதிலை வாங்கிக்கொண்டது. 2016-இல் மிலானில் ஒரு டப்பா 2,75,000 யூரோவுக்கு ஏலம் போனது. தங்கம் வெகு தொலைவில் பின்தங்கிவிட்டது. உள்ளே சொன்னது இருக்கிறதா என்று திறந்து பார்த்தால் படைப்பு அழிந்துவிடும், திறக்காவிட்டால் உண்மை தெரியாது. 1989-இல் பிரெஞ்சுக் கலைஞர் பெர்னார் பசீல் ஒன்றைத் திறந்தார். உள்ளே இன்னொரு சிறிய பொதி இருந்தது.

இத்தாலியக் கலைஞர் மவுரிட்சியோ கட்டெலான் 2019 டிசம்பரில் மயாமி கடற்கரைக் கலைச் சந்தையில் டக்ட் டேப்பால் சுவரில் ஒட்டிய வாழைப்பழத்தின் வரலாறு எல்லாருக்கும் தெரிந்ததே. 'காமெடியன்' என்ற அந்தப் படைப்பின் பிரதி ஒன்று 1,20,000 டாலருக்கு விற்கப்பட்டது. வாங்குபவருக்குக் கிடைப்பது பழம் அன்று. பழத்தை எந்த உயரத்தில் எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்புகளும் ஒரு சான்றிதழும். அதனால்தான் ஒரு கலைஞர் அந்தப் பழத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் தின்றபோதும் படைப்புக்குச் சேதம் இல்லை என்று சொல்ல முடிந்தது. 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் ஒரு பிரதி 62 இலட்சம் டாலருக்குப் போனது. வாங்கிய கிரிப்டோ நாணயத் தொழிலதிபர் அதை ஹாங்காங்கில் செய்தியாளர் முன்னிலையில் தின்றார். ஏலத்துக்கு வைக்கப்பட்ட பழம், ஏல நிறுவனத்தின் அருகே ஒரு தள்ளுவண்டியில் 35 சென்டுக்கு வாங்கப்பட்டது என்ற செய்தி பிறகு வந்தது. பழத்தைக் காட்டிலும் அந்த இரண்டு விலைகளும் அருகருகே நிற்பதே இதில் சிற்பம் என்று ஒருவர் வாதிடலாம், அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் கேலியின் முள் யார் மீது பாய்ந்தது என்று பார்த்தால், கேலிக்கு ஆளானவரே கைதட்டி, பணம் கொடுத்து, மேடையேறிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். வலிக்காத இடத்தில் குத்திய முள்ளுக்கு விமர்சனம் என்று பெயர் வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

அந்த வாழைப்பழம் சுவரில் ஏறுவதற்கு 36 ஆண்டுகளுக்கு முன், 1983-இன் குளிர்காலத்தில், நியூயார்க்கின் கூப்பர் சதுக்கத்தில் நடைபாதை வியாபாரிகளுக்கு நடுவே ஒரு விரிப்பைப் போட்டு அமர்ந்தார் டேவிட் ஹாமன்ஸ். விரிப்பின் மேல் பனியுருண்டைகள் பெரியது சிறியது என்று ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அளவுக்கேற்ற விலையில் அவற்றை அவர் விற்றார். சாலையெங்கும் இலவசமாகக் கிடக்கும் பொருள், வெள்ளை நிறம் கொண்ட பொருள், வாங்கியவர் வீடு போய்ச் சேருமுன் கரையும் பொருள், அதை விற்கும் கறுப்பினக் கலைஞர் என்று எண்ண எண்ண அடுக்குகள் விரிகின்றன. சான்றிதழ் இல்லை, கேலரி இல்லை, மறுவிற்பனைக்கு வழியும் இல்லை. எஞ்சியது சில ஒளிப்படங்கள். வாழைப்பழமும் பனியுருண்டையும் ஒரே நகைச்சுவையைச் சொல்கின்றன என்று சிலர் எழுதுவதுண்டு. பழம் அழுகினால் மாற்றிக்கொள்ள உரிமைப் பத்திரம் இருக்கிறது. பனிக்கு அது இல்லை என்ற ஒரே வேறுபாட்டில் இரண்டு படைப்புகளின் அரசியலும் பிரிந்துவிடுகிறது. ஹாமன்ஸின் 'உயர்ந்த இலக்குகள்' 1986-இல் புரூக்ளினில் நின்றது: ஆயிரக்கணக்கான பாட்டில் மூடிகளால் அலங்கரிக்கப்பட்ட கூடைப்பந்துக் கம்பங்கள், வளையங்களோ 20 முதல் 30 அடி உயரத்தில். கறுப்பின இளைஞர்களுக்கு விளையாட்டுதான் விடிவு என்று காட்டப்படும் ஆசை எவ்வளவு எட்டாதது என்பதை நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

கட்டெலானை வாழைப்பழத்தைக் கொண்டு மட்டும் எடைபோடுவது நியாயமாகாது. மிலானில் பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு எதிரே 2010-இல் அவர் நிறுத்திய பளிங்குக் கை, நடுவிரல் தவிர மற்ற விரல்கள் துண்டிக்கப்பட்டு, பீடத்தோடு 11 மீட்டர் உயரம் நிற்கிறது. நீட்டிய கை பாசிஸ்ட் வணக்கம் போடும் கை என்பதும், எதிரே உள்ள கட்டடம் முசோலினி காலத்தது என்பதும் சேரும்போது, விரல்களை இழந்த வணக்கம் வசையாக மாறியது எப்படி என்று புரிகிறது. 2016-இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகக் கழிப்பறையில் அவர் பொருத்திய 18 காரட் தங்கக் கழிகலம், 'அமெரிக்கா' என்ற பெயரோடு, பயன்பாட்டுக்கே திறந்துவிடப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். வெள்ளை மாளிகை 2017-இல் வான்கோ ஓவியம் ஒன்றைக் கடனாகக் கேட்டபோது, அதற்குப் பதிலாக இதைத் தரலாம் என்று அருங்காட்சியகத்தின் கியூரேட்டர் எழுதினார். 2019 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிளெனம் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது அது திருடப்பட்டது. குழாயோடு பிடுங்கியதால் தண்ணீர் அரண்மனைக்குள் பாய்ந்தது. துஷாம்ப் கழிகலத்தைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக் கலையாக்கினார். கட்டெலான் தங்கத்தைக் கழிகலமாக்கிப் பயன்பாட்டுக்குத் திருப்பித் தந்தார். திருடர்கள் அதைக் கலையாகவும் பார்க்கவில்லை, கழிகலமாகவும் பார்க்கவில்லை.

இந்தச் சிற்பங்களில் பார்வையாளர் நடிகராகிவிடுவதைக் கவனித்திருக்கலாம். ஆஸ்திரியச் சிற்பி ஏர்வின் வூர்ம் இதையே முறையாக்கினார். 'ஒரு நிமிடச் சிற்பங்கள்' என்ற வரிசையில், ஒரு வாளி, சில பேனாக்கள், ஒரு நாற்காலி, கூடவே ஒரு வரைபடம் ஆகியவை இருக்கும். வாளியைத் தலையில் கவிழ்த்து நில் என்று குறிப்பு சொன்னால், பார்வையாளர் அப்படியே ஒரு நிமிடம் நின்று சிற்பமாகிறார். வேடிக்கையான பயிற்சி என்று தொடங்கி, அருங்காட்சியகத்தின் அறிவிப்புக்கு நாம் எவ்வளவு எளிதாகக் கீழ்ப்படிகிறோம் என்ற கூச்சத்தில் போய் முடிகிறது. வார்சாவில் 2000-இன் இறுதியில் இதற்கு நேர்மாறாக, எவரும் அழைக்காமலே நடிகர்கள் வந்தார்கள். விண்கல் விழுந்து தரையில் கிடக்கும் போப் இரண்டாம் ஜான் பாலின் மெழுகு உருவம் கட்டெலானுடையது. இரண்டு போலந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் காட்சிக்கூடத்துக்குள் புகுந்து கல்லை அகற்றி, மெழுகுப் போப்பை எழுப்பி நிறுத்த முயன்றார்கள். அவர்களுடைய பக்தி உண்மையானது என்பதில் ஐயமில்லை. வானத்திலிருந்து விழுந்த கல்லை நாடாளுமன்றம் எடுத்துப்போடும் காட்சியை எந்தச் சிற்பியும் திட்டமிட்டிருக்க முடியாது என்பதும் உண்மை. காட்சிக்கூட இயக்குநர் பிறகு பதவி விலகினார்.

நகைச்சுவை திரும்பிப் பார்வையாளர் மீதே பாயும் மிகக் கடுமையான எடுத்துக்காட்டு அமெரிக்கக் கலைஞர் கேரா வாக்கருடையது. 2014-இல் புரூக்ளினில் இடிபடவிருந்த டொமினோ சர்க்கரை ஆலைக்குள் சர்க்கரை பூசிய ஒரு பிரம்மாண்டமான ஸ்பிங்ஸ் படுத்திருந்தது; கறுப்பினப் பணிப்பெண்ணின் முகமும் தலைக்கட்டும், ஏறத்தாழ 75 அடி நீளமும் கொண்டது. 'நுட்பம்' என்று பொருள்படும் அதன் தலைப்புச் சொல், இடைக்கால விருந்துகளில் சர்க்கரையால் செய்து வைத்த அலங்கார உருவத்துக்கும் பெயர். கூலியின்றிக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களுக்குக் காணிக்கை என்று மிகப் பணிவான நீண்ட துணைத்தலைப்பும் உண்டு. வந்தவர்களில் பலர் அந்த உருவத்தின் மார்பையும் பின்புறத்தையும் சுட்டி ஆபாசமாகச் சிரித்துப் படமெடுத்துக்கொண்டார்கள். அதற்குச் சிலர் கொதித்தார்கள். வாக்கரோ கூட்டத்தைப் படம் பிடித்து, 'பார்வையாளர்' என்ற பெயரில் அதையே தனிப் படைப்பாக்கினார். சிற்பத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் காட்சிப்பொருளானார்கள். 2019-இல் இலண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகக் கூடத்தில், விக்டோரியா நினைவுச் சின்னத்தைப் பகடி செய்து 13 மீட்டர் உயர நீரூற்றை அவர் கட்டியபோது, தம் பெயருக்குப் பின் பிரிட்டிஷ் அரசப் பட்டம் போல மூன்று எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார். இன்னும் பட்டம் வழங்கப்படவில்லை என்பதன் சுருக்கம் அது.

கேலி எப்போதும் கேட்பவரைச் சரியாக அடையும் என்பதற்கு உறுதி இல்லை. ஹாமன்ஸ் 1988-இல் கறுப்பின அரசியல் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனை வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் மஞ்சள் முடியும் உடையவராக வரைந்து, இப்போது என்னைப் பிடிக்கிறதா என்ற கேள்வியை அதில் எழுதினார். நிறம் மாறியிருந்தால் இவருக்கு வாக்களித்திருப்பீர்களா என்று வெள்ளை வாக்காளரைக் கேட்ட படம், 1989-இல் வாஷிங்டன் தெருவில் நிறுத்தப்பட்டதும், ஜாக்சனை இழிவுபடுத்துவதாக எண்ணிய கறுப்பின இளைஞர்களின் சம்மட்டியடியில் விழுந்தது. ஹாமன்ஸ் அவர்கள் மீது வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பின்னாளில் அந்தப் படத்தைக் காட்சிக்கு வைத்தபோது அதன் முன் சம்மட்டிகளை வேலி போல நிறுத்திவிட்டார். தவறான புரிதலையும் படைப்புக்குள் அழைத்து உட்காரவைத்த அந்தச் செயலில், அங்கதம் செய்பவருக்கு இருக்க வேண்டிய பணிவு இருக்கிறது.

எல்ம்கிரீன், டிராக்செட் என்ற கலைஞர் இணை 2005-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வாலன்டைன் என்ற சிற்றூருக்கு அருகே ஆளரவமற்ற நெடுஞ்சாலையோரம், விலையுயர்ந்த ஆடம்பரப் பொருள்களுக்குப் பெயர்போன பிராடா நிறுவனத்தின் பெயரில் ஒரு கடையைக் கட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஆண்டின் உண்மையான காலணிகளும் கைப்பைகளும். கதவு மட்டும் ஒருபோதும் திறக்காது. சில நாள்களிலேயே கண்ணாடி உடைக்கப்பட்டுப் பொருள்கள் களவு போயின. மறுபடி வைத்தபோது கைப்பைகளின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, காலணிகளில் வலது காலுக்குரியவற்றை மட்டும் வைத்தார்கள். ஆசையைத் தூண்டுவதற்குப் பொருளின் முன்பக்கம் போதும் என்று விளம்பர உலகத்துக்குத் தெரிந்ததை, திருடர்கள் கற்றுக்கொடுத்தது போலாயிற்று.

2013-இல் மாநிலப் போக்குவரத்துத் துறை, அனுமதியின்றி ஒரு நிறுவனத்தின் பெயர்ச்சின்னத்தைக் காட்டுவதால் அந்தக் கட்டடம் சட்டவிரோத விளம்பரம் என்று அறிவித்தது. அதே ஆண்டில் அருகே பிளேபாய் நிறுவனத்துக்காக எழுப்பப்பட்ட முயல் சின்னச் சிற்பமும் இதே கேள்விக்கு உள்ளானது. அதை நிறுவனமே பணம் கொடுத்துச் செய்வித்தது. பிராடா கடையை அந்த நிறுவனம் செய்விக்கவில்லை, பெயரைப் பயன்படுத்த அனுமதித்துப் பொருள்களைக் கொடுத்தது. பகடிக்கும் விளம்பரத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு எங்கே என்று கலை விமர்சகர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்ததை நெடுஞ்சாலை அதிகாரிகள் கோப்பில் எழுதித் தீர்க்க வேண்டியதாயிற்று. முயல் அகற்றப்பட்டது. கடைக்கு 2014-இல் வழி கண்டுபிடிக்கப்பட்டது: அந்த நிலம் ஓர் அருங்காட்சியகம் என்றும், அந்தக் கட்டடமே அதன் ஒரே காட்சிப்பொருள் என்றும் வகைப்படுத்தினார்கள்.